சாவியைக் கொடுத்தவர் யார்?

(அந்தமான் வண்டூரில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பச் சந்திப்பின் முதல் நாள் மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பிற ஊர்களில் உள்ள உறுப்பினர்களும் படிக்க வேண்டும் என்று பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)

 

சென்னை, மும்பை, டெல்லி, பெங்களூரு, கோவை என்று பல ஊர்களிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். நாளைக் காலையில் இந்த வண்டூர் படகுத்துறையிலிருந்து ஜாலிபாய் தீவுக்குப் போகப் போகிறோம். 1983ல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்த தீவு அது. இந்த உற்சாகமான நேரத்தில் நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அவ்வளவு உற்சாகமானது இல்லை. மன்னிக்க வேண்டும்.

செயலாளர் என்னிடம் முதலில் கேட்டது, 'மூத்த குடிமக்களுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ்' என்ற தலைப்பில் பேசச் சொல்லித்தான். நான், "குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைப் பற்றிய சட்டங்களைப் பேசுகிறேனே" என்றேன். அவர் திகைத்துப்போய், "நம்ம மனுஷா நடுவுல இந்த சப்ஜெக்டா, மாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த உரை.

நான் பொது இன்ஷூரன்ஸ் துறையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி மோட்டார் கிளெய்ம். கடைசியாக மாற்றலாகி வந்த ஊர் போர்ட்பிளேர். 2024 செப்டம்பர் முதல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். எனக்குப் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. பெண்ணுக்கு இங்கேயே வேலை ஆனதால், ஓய்வு பெற்ற பிறகும் சில வருஷம் இங்கேயே தங்கிவிட்டோம். ஆகவே இந்தச் சட்டம் எனக்கு ஏட்டில் மட்டும் தெரிந்த விஷயமல்ல. எத்தனையோ பேருடைய கிளெய்மை, "ஓட்டியவர் குடித்திருந்தார்" என்று எழுதி நானே நிராகரித்திருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம்.

பலபேர் நினைப்பதுபோல் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிற சட்டம் இல்லை. மதுவை எங்கே விற்கலாம், எந்த வயதில் குடிக்கலாம், குடிக்கவே கூடாதா என்பதெல்லாம் மாநிலச் சட்டம். குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கு. தமிழ்நாட்டில் 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடை நடத்துகிறது. ஆனால் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது என்று வந்தால், காஷ்மீர் முதல் இந்த அந்தமான் வரை ஒரே மத்தியச் சட்டம்தான். அது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு.

அளவு என்ன? 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதைத் தாண்டினால் குற்றம். 'நான் நிதானமாகத்தான் ஓட்டினேன்' என்பது பதிலாகாது. தள்ளாடினாரா, நேராக நடந்தாரா என்று சட்டம் கேட்பதில்லை. எண்ணைத்தான் கேட்கிறது.

தண்டனை என்ன? முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ரூ.15,000, அல்லது இரண்டும். இது 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் முப்பது வருஷமாக முதல் குற்றத்துக்கு அபராதம் அதிகபட்சம் ரூ.2,000தான்.

இன்னொன்று. சிக்னலைத் தாண்டியதற்கு ரசீது வாங்கிக்கொண்டு போகிற மாதிரி இதைப் போலீஸ்காரரிடமே கட்டி முடித்துவிட முடியாது. சமரசமாகத் தீர்த்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 185 இல்லை. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி வண்டியை நிறுத்தி மூச்சை ஊதச் சொல்லலாம். அளவு தெரிந்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். கைது செய்த இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் அழைத்துப்போய்ப் பரிசோதிக்க வேண்டும். 'ஊத மாட்டேன், ரத்தம் கொடுக்க மாட்டேன்' என்று தக்க காரணம் இல்லாமல் மறுத்தால், அந்த மறுப்பே அவருக்கு எதிரான சாட்சியத்துக்கு வலு சேர்க்கும் என்று 205ஆவது பிரிவு சொல்கிறது.

லைசென்ஸ் விஷயத்தில் நாம் பெருமைப்பட ஓர் இடம் உண்டு. கோயம்புத்தூரின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், விபத்தில் அடிபட்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து, 2012ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதன் பலனாக 2014ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. குடித்துவிட்டு ஓட்டினால் லைசென்சைக் குறைந்தது மூன்று மாதம் முடக்க வேண்டும் என்று அந்தக் குழு 2015ல் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு அனுப்பியது. அதுவரை அபராதத்தைக் கட்டிவிட்டு அதே வண்டியில் வீட்டுக்குப் போனவர்கள் நிறைய.

உயிர் போனால் கதையே வேறு. 1999 ஜனவரியில் டெல்லியில் ஒரு பி.எம்.டபிள்யூ. கார் ஏறி ஆறு பேர் இறந்தார்கள். 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கிய ஏழு தொழிலாளிகள் இறந்தார்கள். இரண்டு வழக்கிலும் 2012ல் உச்ச நீதிமன்றம், இது வெறும் கவனக்குறைவு இல்லை, கொலையாகாத மனிதக் கொலை என்றது. இப்படி ஓட்டினால் ஆள் சாகலாம் என்று தெரிந்தே ஓட்டினாய் என்பதுதான் அதன் பொருள். இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்குப் பத்து வருஷம் வரை சிறை. கவனக்குறைவு என்று வைத்துக்கொண்டாலும், பழைய இரண்டு வருஷம் இப்போது ஐந்து வருஷம் ஆகிவிட்டது.

"ஒரு பாட்டில் பீர்தானே?" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் ஏறக்குறைய 35 கிராம் ஆல்கஹால். அறுபது கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் அது சுமார் 80 மில்லிகிராம் வரை ஏற்றும். ஈரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். அதாவது ஒரே பாட்டிலுக்கு, 30க்குக் கீழே வர மூன்றரை, நாலு மணி நேரம். டிகிரி காபி, எலுமிச்சம்பழ ரசம், தலைக்குக் குளியல் எதுவும் ஈரலை வேகப்படுத்தாது. ராத்திரி நிறையக் குடித்தவருக்கு மறுநாள் காலை ஆபீஸ் போகும்போதும் அளவு மீறியிருக்கலாம்.

முன் வரிசையில் மாமி சிரிக்கிறார். காலையில் என்னிடம் தனியாக, "தினம் தசமூலாரிஷ்டம் சாப்பிடறேனே, என்னையும் பிடிப்பாளா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். அரிஷ்டத்தில் தானாகவே உண்டாகும் ஆல்கஹால் உண்டு. ஆனால் முப்பது மில்லி அளவுக்கு ரத்தத்தில் ஏறுவது மிகக் கொஞ்சம். குடித்த கையோடு ஊதினால் வாயில் மிஞ்சியிருப்பது கருவியில் காட்டலாம். கால் மணி கழித்து மறுபடி சோதிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். மாமி பயப்பட வேண்டாம். ஆனால் தூக்கம் வரவழைக்கும் மாத்திரை, சில இருமல் மருந்து, அலர்ஜி மாத்திரை சாப்பிட்டவர்கள் ஓட்ட வேண்டாம். 185ஆவது பிரிவில் போதைப்பொருள், மருந்து மயக்கத்தைப் பற்றியும் ஓர் உட்பிரிவு இருக்கிறது.

இவ்வளவும் ஓட்டியவரைப் பற்றி. இனி, ஓட்டாதவரைப் பற்றி.

அதே சட்டத்தில் 188ஆவது பிரிவு என்று ஒன்று. இரண்டே வரி. 185ஆவது பிரிவுக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை. பல காலம் அதை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், குடித்தவரோடு கூட உட்கார்ந்து வருகிறவர்மீதும் வழக்கு என்று அறிவித்தபோதுதான் பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரிந்தது. 'நான் குடிக்கவே இல்லையே, பின் சீட்டில்தானே இருந்தேன்' என்று கோபித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

2018 ஜனவரி. என் தங்கை குடும்பம் அந்தமான் பார்க்க வந்திருந்தது. தங்கை, அவள் பிள்ளை, அவன் ஆத்துக்காரி. மருமான் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல பிள்ளை, எல்லோரிடமும் மரியாதை. என் காரில் காலையில் இதே வண்டூருக்கு வந்தோம். படகுத்துறை, கடற்கரை எல்லாம் பார்த்தோம். மத்தியானம் அவனுடைய பழைய சிநேகிதன் ஒருவன் இங்கே ஒரு விடுதியில் தங்கியிருப்பதாகச் சொல்லி, அவனைப் பார்க்கப் போனான். நாலரை மணிக்குத் திரும்பி வந்தான்.

பக்கத்தில் வந்து நின்றபோதே எனக்கு வாசனை தெரிந்துவிட்டது. முப்பத்து நான்கு வருஷ மூக்கு. அவனும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, மெதுவாக, "ஒரே ஒரு பாட்டில் பீர்தான் மாமா. அதுவும் மத்தியானம்" என்றான்.

உங்களுக்குத் தெரியும், இங்கே ஜனவரியில் ஐந்தேகால் மணிக்கே சூரியன் மறைந்துவிடும். எனக்கு அப்போது கண்ணில் புரை. இருட்டில் ஓட்ட மாட்டேன். அவன் ஆத்துக்காரி அதைக் கவனித்துவிட்டு, "நான் ஓட்டட்டுமா மாமா? என்கிட்ட லைசென்ஸ் இருக்கு" என்று கேட்டாள். நான் சொன்ன பதில் இன்றும் காதில் கேட்கிறது. "வேண்டாம்மா. இருட்டிண்டு வரது. இந்த ரோடு உனக்குப் பழக்கமில்லை."

அந்த ரோடு அவனுக்கும்தான் பழக்கமில்லை. உண்மை என்னவென்றால், தங்கை எதிரில் அவனைத் தலைகுனிய வைக்க எனக்கு மனசில்லை. 'அவன் ஏன் ஓட்டலை?' என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? அந்த ஒரு சங்கடத்தைத் தவிர்க்கச் சாவியை அவன் கையில் கொடுத்தேன்.

ஊருக்குப் பாதி வழி தாண்டியபோது, ஒரு திருப்பத்தில், சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவரைக் கார் தட்டிவிட்டது. பாக்குத் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர். குடியேறிய வங்காளிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். உயிருக்கு ஆபத்தில்லை. வலது தொடை எலும்பு இரண்டு துண்டு. எங்கள் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போனோம். காரை ஓட்டியது யார் தெரியுமா? அவன் ஆத்துக்காரிதான். அதே இருட்டில், அதே ரோட்டில், கை நடுங்காமல் ஓட்டினாள்.

ரத்தப் பரிசோதனை, குடித்தது ஒரு பாட்டில் அல்ல என்று காட்டியது. வழக்கு நடந்தது. மருமான் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதம் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய், லைசென்ஸ் முடக்கம். 'இவ்வளவுதானா?' என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நிம்மதி அதிக நாள் நிலைக்கவில்லை. அமெரிக்காவுக்கு அவனை அனுப்பக் கம்பெனி ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. விசா மனுவில், எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, தண்டனை பெற்றீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. 'ஆம்' என்று எழுத வேண்டியதாயிற்று. மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், காலம் தள்ளிப்போயிற்று, அந்த இடத்துக்கு வேறொருவர் போய்விட்டார்.

பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேதான் இது உண்மையில் மாநிலச் சட்டம். பெரும்பாலான மாநிலங்களில் அளவு 0.08 சதவீதம், அதாவது நம் கணக்கில் 80 மில்லிகிராம். யூட்டாவில் 2018 டிசம்பர் முடிவிலிருந்து 0.05. தண்டனையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆனால் விசா மத்திய அரசின் கையில். 2015 முதல், தண்டனை கூட வேண்டாம், குடித்து ஓட்டியதாகக் கைது என்றாலே விசாவை ரத்து செய்ய அவர்களுக்கு வழியிருக்கிறது. 'நம் ஊரைவிட அங்கே அளவு அதிகம்தானே' என்று யாரும் தைரியமாக இருக்க வேண்டாம்.

கதைக்கு வருகிறேன். விபத்துக்கு மூன்றாம் நாள், பழங்கள் வாங்கிக்கொண்டு அந்த மனிதரைப் பார்க்கப் போனேன். அவர் ஹிந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஓட்டினவர் குடித்திருந்தது உங்களுக்குத் தெரியாதா, பாபுஜி?"

"கவனிக்கவில்லை" என்று சொன்னேன்.

பிறகு நஷ்டஈட்டு வழக்கு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கு வந்தது. கார் என் பெயரில் இருந்ததால் நானும் ஓர் எதிர்மனுதாரர். இங்கே இன்ஷூரன்ஸ் விஷயத்தைச் சொல்ல வேண்டும். குடித்து ஓட்டினால் நம் வண்டியின் சேதத்துக்கு ஒரு பைசா கிடைக்காது. ஊதிப் பார்க்காவிட்டாலும், ரத்தம் எடுக்காவிட்டாலும், மற்றச் சாட்சியங்களைக் கொண்டே நிரூபிக்கலாம் என்று 2021ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடிபட்டவர் விஷயம் வேறு. அவருக்குக் கம்பெனி முதலில் கொடுக்க வேண்டும். கொடுத்ததை ஓட்டியவரிடமும் உரிமையாளரிடமும் திரும்ப வாங்கலாம். கேரள உயர் நீதிமன்றம் 2023ல் இப்படித் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பும் பல தீர்ப்பாயங்கள் இதையே செய்து வந்தன. ஆனால் உரிமையாளரிடம் வாங்க, அவருக்கும் இதில் தவறு உண்டு என்று கம்பெனி காட்ட வேண்டும்.

வக்கீல் என்னிடம் சொன்னார்: "சார், குறுக்கு விசாரணையில் 'கவனிக்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். போதும்." மருத்துவமனையில் நான் சொன்ன அதே வார்த்தை! எத்தனை கிளெய்ம்களில் மற்றவர்கள் சொல்லி, நான் நம்பாமல் சிரித்த வார்த்தை.

முதல் நாள் ராத்திரி என் ஆத்துக்காரியிடம் கேட்டேன். அவள், "அந்த மனுஷன்கிட்ட ஒரு தடவை பொய் சொல்லியாச்சு. இன்னொரு தடவை வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான் எங்கள் ஆலோசனை.

"தெரியும். தெரிந்துதான் சாவியைக் கொடுத்தேன்" என்று சொன்னேன். நஷ்டஈடு நாலு லட்சத்துச் சொச்சம். கம்பெனி அவருக்குக் கொடுத்தது, எங்களிடம் வசூலித்தது. மருமானும் நானும் பாதிப் பாதி கட்டினோம். 188ஆவது பிரிவில் என்மேல் யாரும் வழக்குப் போடவில்லை. போட்டிருந்தால், என்னிடம் பதில் இல்லை. அவர் இன்றும் சற்றுச் சாய்ந்துதான் நடக்கிறார். பாக்கு மரம் ஏறுவதை விட்டுவிட்டார்.

2022ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. குடிப்பது நல்லதா கெட்டதா என்று நான் இங்கே உபன்யாசம் செய்யப் போவதில்லை. நம் ஆங்களில் இளைஞர்கள் குடிப்பதில்லை என்று கண்ணை மூடிக்கொள்வதிலும் பயனில்லை. ஒளிந்து குடிக்கிற பிள்ளைதான் 'நான் ஓட்டக்கூடாது' என்று வெளியே சொல்ல முடியாமல் சாவியை வாங்கிக்கொள்கிறான். நாமும் கௌரவத்துக்குப் பயந்து கொடுத்துவிடுகிறோம். 2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி இருவர் இறந்தார்கள். ரத்த மாதிரியை மாற்றியதாகக் குற்றம் சாட்டி, பெற்றோரையே கைது செய்தார்கள். பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். நான் போனது சில அடி தூரம்தான். திசை அதேதான்.

ஆகவே உறுப்பினர்களிடம் என் வேண்டுகோள் மூன்றே மூன்று.

ஒன்று: கல்யாணம், ரிசப்ஷன், சிநேகிதர் பார்ட்டி எதுவானாலும், திரும்பி வர யார் ஓட்டுவது என்பதைப் புறப்படும்போதே முடிவு செய்யுங்கள். அவருக்கு அன்று தண்ணீரும் மோரும்தான்.

இரண்டு: 'எந்த ராத்திரியானாலும் கூப்பிடு, வந்து அழைத்துப் போகிறேன், அன்றைக்கு ஒரு கேள்வி கேட்க மாட்டேன்' என்று பிள்ளைகளிடமும் பெண்களிடமும் சொல்லி வையுங்கள். சொன்னபடி கேட்காமலும் இருங்கள். கேள்விகளை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

மூன்று: சந்தேகம் வந்தால் சாவியைக் கேளுங்கள். வாடகை வண்டி டிரைவர் என்றாலும், சொந்த மாப்பிள்ளை என்றாலும். அன்று யாராவது கோபித்துக்கொண்டால், ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள்.

இங்கே கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை பார்த்திருப்பீர்கள். யாரும் அதோடு வாதம் செய்வதில்லை. 'ஒரு சின்ன முதலைதானே' என்று சொல்வதில்லை. நாளைக்குப் படகுத்துறையில் வனத்துறை ஊழியர்கள் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மறுபேச்சில்லாமல் காட்டுவோம். அதே பணிவை நம் வீட்டு வாசலில் காட்டினால் போதும்.

நாளை மாலை நம்மை ஊருக்கு அழைத்துப்போகும் பஸ், நான் சொன்ன அதே திருப்பத்தைத் தாண்டித்தான் போகும். டிரைவரிடம் இப்போதே பேசிவிட்டேன். நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. "கேட்டது நல்லதுதான் சார்" என்றார்.